கூத்து ராத்திரிக்கு எந்த கேமரா?

கேமரா கேள்வி-பதில் பகுதிக்கு இந்த முறை வந்தவற்றில் நிறையக் கேள்விகள் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன: வெளிச்சம் குறைந்தால் எந்த கேமரா நன்றாக எடுக்கும்? அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு, இருட்டுக் கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். முதல் பதில் நீளம். அதைப் படித்துவிட்டால் மற்றதெல்லாம் சீக்கிரம் போய்விடும்.

கேள்வி: சார், எங்கள் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் கோடை முழுக்கப் பாரதக் கூத்து நடக்கும். விடிய விடிய உட்கார்ந்து படம் எடுக்க ஆசை. கையில் இருப்பது அண்ணனின் பழைய கேனன் 700டி, கூட வந்த 18-55 கிட் லென்ஸ், அப்புறம் 50 மி.மீ. எஃப் 1.8 இஎஃப் லென்ஸ் ஒன்று. படமெல்லாம் புள்ளி புள்ளியாக வருகிறது, பாதிப் படங்களில் ஃபோகஸும் இல்லை. கேமராவை மாற்றலாம் என்று பார்த்தால் சோனி ஏ6400, கேனன் இஓஎஸ் ஆர்பி இரண்டும் செகண்ட் ஹேண்டில் கிட்டத்தட்ட ஒரே விலைக்கு வருகின்றன. கடைக்காரர், 'ஆர்பி ஃபுல் ஃபிரேம், இருட்டில் அதை அடிக்க ஆளில்லை' என்கிறார். நண்பன் சோனிதான் வாங்கணும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான். எதை வாங்கட்டும்?
— வாசகர், செய்யாறு

பதில்: தம்பி, கடைக்காரர் சொன்னதில் பாதி உண்மை. அந்தப் பாதி எது என்று பார்த்துவிட்டால் மீதியை நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

சென்சார் என்பது கேமராவுக்குள் வெளிச்சத்தை வாங்கிப் படமாக்கும் சில்லு. ஃபுல் ஃபிரேம் சென்சார் 36-க்கு 24 மில்லிமீட்டர், அதாவது 864 சதுர மில்லிமீட்டர். ஏ6400-இல் இருப்பது ஏபிஎஸ்-சி எனும் கிராப் சென்சார், 23.5-க்கு 15.6. பெருக்கினால் 367 சதுர மி.மீ. வரும். ஆக ஆர்பியின் சென்சார் பரப்பளவு இரண்டே கால் மடங்குக்குக் கொஞ்சம் மேல். வெளிச்சம் இரட்டிப்பானால் ஒரு ஸ்டாப் என்பது கணக்கு, எனவே இரண்டு கேமராவிலும் ஒரே அபெர்ச்சர் (லென்ஸின் துவாரம், எஃப் எண் சின்னதானால் துவாரம் பெரிது, வெளிச்சம் அதிகம்), ஒரே ஷட்டர் (வெளிச்சம் விழும் நேரம்) வைத்தால் ஆர்பிக்கு ஒரு ஸ்டாப்பும் அதன்மேல் ஒரு துளியும் லாபம். ஏ6400-இல் ஐஎஸ்ஓ (படத்தைப் பிரகாசமாக்கும் அளவு) 3200-இல் தெரிகிற நாய்ஸ், அதாவது நீங்கள் சொன்ன புள்ளி, ஆர்பியில் ஏறத்தாழ 6400-க்கு மேல்தான் தெரியும். கடைக்காரர் சொன்னதில் உண்மை இவ்வளவுதான். பரப்பளவு ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், நாம் நாய்ஸ் என்று திட்டுவதில் பெரும்பகுதி கேமராவின் குற்றமே இல்லை, அது வெளிச்சத்தின் குணம். வெளிச்சம் துகள் துகளாக, சீரில்லாமல் வந்து விழுகிறது. ஓர் இடத்தில் 100 துகள் விழ வேண்டிய நேரத்தில் பத்து கூடவோ குறையவோ விழும், அது பத்து சதவீதத் தடுமாற்றம். 10,000 துகள் விழுகிற இடத்தில் தடுமாற்றம் 100, அதாவது ஒரே சதவீதம். எவ்வளவு வெளிச்சத்தைச் சேர்க்கிறோமோ அவ்வளவு சுத்தமான படம். சென்சார் பெரிதாக இருந்தால் சேர்கிற மொத்த வெளிச்சம் அதிகம், அதில் மந்திரம் ஒன்றும் இல்லை.

இப்போது கடைக்காரர் சொல்லாமல் விட்டது. வெளிச்சம் சென்சாருக்கு வரும் முன்பு லென்ஸ் வழியாக வர வேண்டும். ஆர்பியோடு பெரும்பாலும் சேர்த்து விற்கப்படுவது ஆர்எஃப் (கேனன் மிரர்லெஸ் கேமராக்களுக்கான லென்ஸ் வகை) 24-105 எஃப் 4-7.1 கிட் லென்ஸ். ஜூம் பண்ணிக் கடைசிக்குப் போனால் எஃப் 7.1! சோனியோடு வருகிற 16-50 கிட் லென்ஸ் கடைசியில் எஃப் 5.6. இந்த இரண்டுக்கும் இடையே மூன்றில் இரண்டு ஸ்டாப் வித்தியாசம். ஃபுல் ஃபிரேம் தந்த ஒரு சொச்சம் ஸ்டாப்பில் பாதிக்கு மேல் லென்ஸிலேயே கரைந்துபோய், கையில் நிற்பது அரை ஸ்டாப். அரை ஸ்டாப் வித்தியாசத்தை இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தேடித்தான் கண்டுபிடிக்கணும், கூத்துக் களத்தில் அது ஒரு பொருட்டே இல்லை. அதனால் இந்த இரண்டில் எதை வாங்கினாலும் கிட் லென்ஸோடு மட்டும் கூத்துக்குப் போகாதீர்கள்.

சரி, நல்ல லென்ஸ் போட்டால்? கிராப் சென்சாரில் 1.5-ஆல் பெருக்கும் கணக்கு குவியத் தூரத்துக்கு மட்டும் என்று நினைக்கிறோம். மொத்த வெளிச்சத்தை ஒப்பிடும்போது எஃப் எண்ணையும் அதே 1.5-ஆல் பெருக்கணும். (எக்ஸ்போஷர் மாறாது, ஷட்டரும் ஐஎஸ்ஓவும் அதேதான். நாய்ஸும் பின்னணி மங்கலும்தான் மாறும்.) ஏ6400-இல் சிக்மா 30 மி.மீ. எஃப் 1.4 போட்டால் அது ஃபுல் ஃபிரேமில் 45 மி.மீ. எஃப் 2.1 போல நடந்துகொள்ளும். ஆர்பியில் 50 மி.மீ. எஃப் 1.8 போட்டால் அதைவிட அரை ஸ்டாப்புக்குச் சற்றுக் குறைவாக மேல். இன்னும் வேடிக்கை பாருங்கள், சோனியில் சிக்மா 56 மி.மீ. எஃப் 1.4 போட்டால் 84 மி.மீ. எஃப் 2.1. கேனனின் ஆர்எஃப் 85 மி.மீ. எஃப் 2 லென்ஸை ஆர்பியில் மாட்டினால் 85 மி.மீ. எஃப் 2. இரண்டும் ஒன்றுதான். ஃபுல் ஃபிரேம் என்று சொன்ன லாபம் எங்கே போனது என்று தேடணும்! போதாக்குறைக்கு அந்த ஆர்எஃப் 85 மேக்ரோ வேலையும் பார்க்கிற லென்ஸ் என்பதால் ஃபோகஸ் பண்ண நேரம் எடுத்துக்கொள்ளும். கர்ணன் வேஷக்காரர் திரையை விலக்கிக்கொண்டு வெளியே வருகிற நேரத்தில் அது முன்னும் பின்னுமாக அலைந்துகொண்டிருந்தால் நமக்கு அழுகை வரும். சிக்மா 56 இந்த விஷயத்தில் சுறுசுறுப்பு.

ஃபோகஸ் என்றதும் ஒரு கணக்கைச் சரிபார்க்க வேண்டியிருக்கிறது. ஆர்பி மைனஸ் 5 இவி (வெளிச்சத்தின் அளவு, எண் இறங்க இறங்க இருட்டு, ஒரு இவி ஒரு ஸ்டாப்) வரை ஃபோகஸ் பண்ணும் என்று கேனன் சொல்கிறது. ஏ6400 மைனஸ் 2 இவி வரை என்று சோனி சொல்கிறது. மூன்று ஸ்டாப் வித்தியாசம், ஆர்பி எங்கேயோ போய்விட்டது என்று தோன்றும். சின்ன எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். கேனன் அதை அளந்தது எஃப் 1.2 லென்ஸில், சோனி அளந்தது எஃப் 2 லென்ஸில். இந்த இரண்டு லென்ஸுக்கும் இடையிலேயே ஒன்றரை ஸ்டாப் இருக்கிறது. அதைக் கழித்தால் ஆர்பி உண்மையில் ஒன்றரை ஸ்டாப்தான் முன்னால். அதுவும் கேனன் சொல்வது ஒன் ஷாட் மோடில், அசையாமல் இருக்கும் பொருளுக்கு. கூத்தில் யார் அசையாமல் நிற்கிறார்கள்? ஓடி ஆடுகிறவரைத் தொடர்ந்து பிடிப்பதிலும், முகத்தையும் கண்ணையும் விடாமல் கவ்விக்கொள்வதிலும், சரமாரியாகச் சுடுவதிலும் (ஏ6400 விநாடிக்கு 11, ஆர்பி 5, ஃபோகஸ் தொடர்ந்தால் 4) சோனிதான் கெட்டி. ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: அரிதாரம் பூசிய முகத்தில் கண் எது என்று எந்த கேமராவும் சில சமயம் குழம்பும், அப்போது ஃபோகஸ் புள்ளியை நீங்களே முகத்தின்மேல் வைக்கணும்.

இன்னொரு வித்தியாசத்தைப் பலரும் பேசுவதில்லை. ஆர்பியின் சென்சார் கேனனின் முந்தைய கேமராவான 6டி மார்க் 2 வழி வந்தது. குறைந்த ஐஎஸ்ஓவில் எடுத்த படத்தின் இருண்ட பகுதியைக் கம்ப்யூட்டரில் தூக்கினால் நாய்ஸ் கிளம்பி வரும், அந்த விஷயத்தில் சின்ன சென்சார் ஏ6400 அதைவிட எவ்வளவோ மேல். ஐஎஸ்ஓ ஏற ஏற நிலைமை தலைகீழாகும், 1600, 3200 போனபின் ஆர்பி முந்திக்கொள்ளும். கூத்தில் இது எங்கே இடிக்கும் என்றால், கிரீடத்திலும் புஜத்திலும் மார்பிலும் பதித்த கண்ணாடித் துண்டுகள் ஃபோகஸ் லைட்டில் பளீரென்று எரியும், முகம் அதைவிட இருட்டாக இருக்கும். சோனியில் ஐஎஸ்ஓவைக் குறைத்து வைத்துக் கண்ணாடியைக் காப்பாற்றிவிட்டு, முகத்தை வீட்டில் வந்து இரண்டு ஸ்டாப் தூக்கலாம், பெரிதாக ஒன்றும் கெடாது. ஆர்பியில் அந்த வித்தையைக் கொஞ்சமாகத்தான் செய்யலாம், தேவையான ஐஎஸ்ஓவைக் களத்திலேயே ஏற்றி எடுப்பது நல்லது.

இரண்டிலும் பாடிக்குள் ஸ்டெபிலைசேஷன் கிடையாது. அதற்காகக் கவலைப்படாதீர்கள், அது உங்கள் கை நடுக்கத்தை நிறுத்துமே தவிர ஆடுகிறவரை நிறுத்தாது. சுற்றிச் சுழன்று ஆடும்போது 1/250-ஆவது ஷட்டர் வேண்டும், பாடி நிற்கும்போது 1/100 போதும். எஃப் 1.8, 1/250 என்று வைத்தால் டியூப் லைட்டும் ஒன்றிரண்டு எல்இடி ஃபோகஸும் கட்டிய சாதாரணக் களத்தில் ஐஎஸ்ஓ 1600-க்கும் 6400-க்கும் நடுவில் எங்காவது நிற்கும். எஃப் 5.6 கிட் லென்ஸில் இதே வெளிச்சத்துக்கு இன்னும் மூன்று ஸ்டாப்புக்கு மேல் வேண்டும். 3200 இருந்த இடத்தில் 32000! உங்கள் 700டி-யில் 18-55 போட்டு எடுத்த படம் ஏன் புள்ளி புள்ளியாக வந்தது என்று இப்போது தெரிகிறதா?

அதனால் தீர்ப்புக்கு முன்னால் ஒரு வேலை. இருக்கிற 700டி-யிலேயே 50 எஃப் 1.8-ஐ மாட்டி, அடுத்த கூத்துக்கு அதோடு மட்டும் போங்கள். ஃபோகஸுக்கு நடுப் புள்ளியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அந்த கேமராவின் ஒன்பது புள்ளிகளும் மைனஸ் அரை இவி வரைதான் வேலை செய்யும், ஆனால் கிரீடத்துக்கும் நெற்றிக்கும் நடுவில் இருக்கிற பளிச்சென்ற ஓரத்தில் வைத்தால் கவ்விக்கொள்ளும். ரா ஃபைலாக (கேமரா மெருகேற்றாத மூலப் படம்) எடுங்கள். இதிலேயே பாதிக் குறை போய்விடும் என்பது என் கணிப்பு, முக்கியமாக எந்தத் தூரத்தில் உட்காருகிறீர்கள், உங்களுக்கு எந்த லென்ஸ் தேவை என்பது தெரிந்துவிடும்.

அதற்குப் பிறகும் மாற்றத்தான் வேண்டும் என்றால், உங்கள் நிலையில் நான் ஆர்பியை வாங்குவேன். காரணம் ஃபுல் ஃபிரேம் என்பது அல்ல, அண்ணனின் 50 எஃப் 1.8. இஎஃப் லென்ஸை, அதாவது கேனன் டிஎஸ்எல்ஆர் லென்ஸை, ஆர்பியில் மாட்டும் அடாப்டருக்குள் கண்ணாடி எதுவும் இல்லை, வெறும் வளையம், வெளிச்சம் குறையாது, ஆட்டோஃபோகஸும் அப்படியே வேலை செய்யும். டிஎஸ்எல்ஆர்-இல் இருந்து ஆர்பி மாதிரி மிரர்லெஸ் கேமராவுக்கு மாறிய கல்யாண ஸ்டுடியோக்காரர்கள் பழைய இஎஃப் லென்ஸ்களை விற்றுக்கொண்டிருக்கிறார்கள், அதில் 85 மி.மீ. எஃப் 1.8 யுஎஸ்எம் ஒன்று பிடியுங்கள். 1992-இல் வந்த லென்ஸ், இன்றைக்கும் ஃபோகஸ் சரக்கென்று விழும், ஆர்எஃப் 85 எஃப் 2-ஐவிட வெளிச்சமும் துளி அதிகம். 18-55-ஐ மட்டும் ஆர்பியில் மாட்டாதீர்கள், அது கிராப் சென்சார் லென்ஸ், 26 மெகாபிக்சல் படம் 10 மெகாபிக்சலாக வெட்டுப்பட்டு வரும், ஃபுல் ஃபிரேம் லாபமும் அதோடு போய்விடும். வீட்டில் கேனன் லென்ஸ் ஒன்றுமே இல்லாதவர் இதே கேள்வியைக் கேட்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு ஏ6400-உம் சிக்மா 56-உம் என்று சொல்லியிருப்பேன். வீடியோவும் எடுக்கப் போகிறீர்கள் என்றாலும் சோனிதான். ஆர்பியில் 4கே வைத்தால் படம் 1.6 மடங்கு வெட்டுப்படும், கேனனின் நல்ல ஃபோகஸ் முறையும் 4கே-யில் வேலை செய்யாது. அப்புறம் ஆர்பியின் பேட்டரி 250 படம் என்பதுதான் கம்பெனிக் கணக்கு, சோனி 410. விடிய விடிய என்றால் ஆர்பிக்குக் கூடுதல் பேட்டரி இல்லாமல் முடியாது. நண்பனிடம் கோபித்துக்கொள்ள வேண்டாம், அவர் சொன்னதும் தப்பில்லை.

கேள்வி: மெகாபிக்சல் குறைந்த கேமராதான் இருட்டில் நல்லது என்று எங்கள் ஸ்டுடியோ சீனியர் சொல்கிறார். சோனி ஏ7எஸ் முதல் மாடல் (12 மெகாபிக்சல்) பழையது ஒன்று வருகிறது. ஏ7ஆர் (36 மெகாபிக்சல்) இன்னொன்றும் வருகிறது. மண்டபத்துக்குள் எடுக்க 12-ஐ வாங்கலாமா?
— வாசகர், விருதுநகர்

பதில்: பிக்சல் பெரிதாக இருந்தால் ஒவ்வொரு பிக்சலிலும் நாய்ஸ் குறைவு என்பது சரி. ஆனால் படத்தை நாம் பிக்சல் பிக்சலாகப் பார்ப்பதில்லை, ஆல்பமாகப் பார்க்கிறோம். இரண்டு கேமராவின் படத்தையும் 100 சதவீதம் பெரிதாக்கிப் பார்த்தால் 36 மெகாபிக்சல் படம் புள்ளியாகத் தெரியும், ஏனென்றால் அதை மூன்று மடங்கு அதிகமாகப் பெரிதாக்கிப் பார்க்கிறீர்கள். அதே படத்தை 12 மெகாபிக்சலுக்குச் சுருக்கினாலோ இரண்டையும் ஒரே அளவில் பிரின்ட் போட்டாலோ வித்தியாசம் கரைந்துவிடும். இரண்டும் ஒரே அளவு சென்சார், சேர்த்த வெளிச்சமும் ஒன்றே. கல்யாண மண்டபத்தில் வரும் ஐஎஸ்ஓ 1600, 3200, 6400-இல் ஏ7எஸ் பெரிய அதிசயம் காட்டாது. அது முந்துவது அதற்கும் மேலே, படிக்கிற வெளிச்சம்கூட இல்லாத இடத்தில். 2014-இல் அது வந்தபோது ஐஎஸ்ஓ 4,09,600 வரை போகும் என்று பரபரப்பாகப் பேசினார்கள், அந்தக் கடைசி எண்ணில் எடுத்த படத்தை யாரும் ஆல்பத்தில் ஒட்டுவதில்லை.

ஏ7எஸ்-இன் உண்மையான பலம் வீடியோ. பிக்சல் குறைவு என்பதால் எல்லா வரியையும் விடாமல் படித்து வீடியோ ஆக்கும். நீங்கள் வாங்குவது அதற்கென்றால் ஒரு எச்சரிக்கை: முதல் மாடல் 4கே-யைத் தன் கார்டில் பதியாது, வெளியே ஒரு ரெக்கார்டர் மாட்டணும். விற்கிறவர் '4கே கேமரா' என்று மட்டும் சொல்லி முடித்துவிடுவார். போட்டோதான் என்றால் 12-க்காக ஓட வேண்டாம். அதற்காக ஏ7ஆர்-ஐ வாங்குங்கள் என்றும் சொல்ல மாட்டேன், முதல் தலைமுறை ஏ7ஆர்-இன் ஃபோகஸ் மங்கிய வெளிச்சத்தில் மெதுவாகத்தான் இருக்கும், தாலி கட்டும் நேரத்தில் அதை நம்ப முடியாது. அதே ஃபுல் ஃபிரேமில் 24 மெகாபிக்சல் ஏ7 மூன்றாவது மாடல், 2018-இல் வந்தது, கொஞ்சம் காசு சேர்த்து அதைப் பாருங்கள்.

கேள்வி: கடையில் இரண்டு கேமராவையும் கையில் கொடுத்து 'எடுத்துப் பாருங்கள்' என்கிறார்கள். இருட்டில் எது நல்லது என்று கடையிலேயே சோதிப்பது எப்படி? நான் பார்த்தபோது ஒன்றில் படம் வழவழவென்று சுத்தமாக இருந்தது, மற்றதில் புள்ளி இருந்தது. அதை வைத்து முடிவு செய்யலாமா?
— வாசகி, பெருங்குடி

பதில்: முடிவு செய்யக் கூடாது. வழவழவென்று இருந்த படம் பெரும்பாலும் ஜேபெக். கேமராவே நாய்ஸைத் தேய்த்து அழித்திருக்கும், அதோடு சேலையின் ஜரிகையையும் புருவ முடியையும் சேர்த்துத் தேய்த்திருக்கும். பெரிதாக்கிப் பார்க்கும்போது புள்ளியைத் தேடாதீர்கள், தலைமுடி தனித்தனியாகத் தெரிகிறதா என்று பாருங்கள்.

இரண்டையும் மேனுவலில் வையுங்கள். இரண்டிலும் ஒரே அபெர்ச்சர், ஒரே ஷட்டர், ரா ஃபைல். கடையில் வெளிச்சம் கொட்டும், அதனால் கல்லாவுக்கு அடியில் நிழலாக இருக்கும் இடம், அட்டைப்பெட்டி அடுக்கிய மூலை, இப்படி ஏதாவது ஒன்றை எடுங்கள். உங்கள் கார்டைப் போட்டு எடுத்து, வீட்டுக்கு வந்து இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்து பாருங்கள்.

ஐஎஸ்ஓ எண் ஒன்றாக இருந்தால் போதாதா என்று கேட்பீர்கள். போதாது. அந்த எண்ணைக் கேமராக் கம்பெனி ஒட்டுவதற்கு ஐஎஸ்ஓ 12232 என்ற தரநிலையில் ஒன்றுக்கு மேற்பட்ட வழிகள் உண்டு, ஒருவர் 3200 என்பது இன்னொருவரின் 3200 ஆக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஃபியூஜியின் எக்ஸ் வரிசை கேமராக்களில் இது நன்றாகவே தெரியும், அதே ஐஎஸ்ஓ எண்ணில் அதே பிரகாசம் வர அவற்றுக்கு மற்றவற்றைவிடக் கூடுதல் வெளிச்சம் வேண்டியிருக்கும். ஆட்டோவில் வைத்து ஐஎஸ்ஓவை மட்டும் ஒன்றாக்கினால் ஃபியூஜி சத்தமில்லாமல் ஷட்டரை மெதுவாக்கிக்கொள்ளும், படமும் சுத்தமாக வரும், நீங்களும் ஏமாந்துபோவீர்கள். ஷட்டரையும் அபெர்ச்சரையும் பூட்டிவிட்டால் இந்த விளையாட்டு நடக்காது. மெனுவில் அதிகபட்ச ஐஎஸ்ஓ எவ்வளவு என்று பார்ப்பதையும் விட்டுவிடுங்கள். ஆர்பியில் 40000, ஏ6400-இல் 32000, விரித்தால் இரண்டுமே 1,02,400 வரை போகும். அந்த எண்களைப் பார்த்தால் இரண்டும் ஒரே கேமரா.

கேள்வி: என் போன் நைட் மோடில் எடுக்கிற படம், 24 மெகாபிக்சல் கேமரா எடுப்பதைவிடப் பளிச்சென்று இருக்கிறதே? அப்புறம் எதற்குக் கேமரா?
— வாசகர், காரைக்கால்

பதில்: உங்கள் போன் ஒரு படம் எடுப்பதில்லை. கூகுள் பிக்சல் போன்களுக்கு 2018 நவம்பரில் நைட் சைட் வந்தபோது அது 15 படங்கள் வரை அடுத்தடுத்து எடுத்து, ஒன்றன்மேல் ஒன்று பொருத்திச் சேர்த்தது. மற்ற போன்களும் இதே வழிதான். முதல் பதிலில் சொன்ன கணக்குதான் இங்கேயும், மொத்த வெளிச்சத்தைக் கூட்டினால் நாய்ஸ் குறையும், போன் அதை நேரத்தால் கூட்டுகிறது. பெரும்பாலான நல்ல போன்களின் பெரிய சென்சார்கூட 70 சதுர மி.மீ. பக்கம்தான், ஃபுல் ஃபிரேமில் பன்னிரண்டில் ஒரு பங்கு. கடற்கரை, கோபுரம், தெரு இவையெல்லாம் அசையாமல் நிற்கும், போன் வெல்லும். குழந்தை ஓடினால்? அடுத்தடுத்த படங்களில் குழந்தை வேறு வேறு இடத்தில் இருக்கும், போன் அவற்றைச் சேர்க்க முடியாமல் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மெழுகிவிடும். அசைகிற ஆளை இருட்டில் எடுக்கணும் என்றால்தான் கேமராவும் எஃப் 1.8 லென்ஸும் வேண்டும். கோபுரம் மட்டும் போதும் என்றால் காசை மிச்சப்படுத்துங்கள், நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

கேள்வி: நாய்ஸைக் கம்ப்யூட்டரே அழித்துவிடுகிறதே, இனி ஃபுல் ஃபிரேம் தேவையா?
— வாசகர், தஞ்சாவூர்

பதில்: நியாயமான கேள்வி. 2023 ஏப்ரலில் அடோபி லைட்ரூமில் ஏஐ டீநாய்ஸ் வந்த பிறகு, கிராப் சென்சாரில் 6400-இல் எடுத்த ரா ஃபைல் பார்க்கிற மாதிரி ஆகிவிடுகிறது, ஒரு ஸ்டாப்போ அதற்கு மேலோ கிடைக்கும் என்று தாராளமாகச் சொல்லலாம். அதாவது ஏ6400-க்கும் ஆர்பிக்கும் நடுவில் இருந்த தூரம் அது. ஆனால் ஆர்பிக்காரரும் அதே பட்டனை அழுத்துவார், தூரம் பழையபடிதான். மாறியிருப்பது வேறு: முன்பு கிராப் சென்சார் படம் 'தேறாது' என்ற இடத்தில் இருந்தது, இப்போது 'போதும்' என்ற இடத்துக்கு வந்துவிட்டது. போதும் என்றால் போதும்தானே.

இரண்டு விஷயம் கவனியுங்கள். நல்ல கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத கம்ப்யூட்டரில் ஒரு படத்துக்கே நிமிடக்கணக்கில் ஆகும், கல்யாணத்துக்கு எடுத்த அத்தனை படத்தையும் போட்டால் விடிந்துவிடும். இன்னொன்று, ரொம்ப மோசமான படத்தைக் கொடுத்தால் அது இல்லாததை வரைய ஆரம்பிக்கும். தூரத்தில் இருக்கிற முகத்துக்குப் புதுசாக ஒரு கண் வந்துவிடும். ஃபோகஸ் தப்பிய படத்தையும் ஆட்டம் கண்ட படத்தையும் அது காப்பாற்றாது.

கேள்வி: எதற்கு இவ்வளவு கஷ்டம், ஃபிளாஷ் போட்டால் என்ன?
— வாசகர், சேலம்

பதில்: கல்யாணத்தில் போடுங்கள், மண்டபத்தின் வெள்ளைக் கூரையில் முட்டித் திரும்புகிற மாதிரி போட்டால் அருமையாக வரும். கூத்தில் போட வேண்டாம். திறந்தவெளியில் முட்டித் திரும்ப ஒன்றும் இல்லை, நேராக அடித்தால் கிரீடத்துக் கண்ணாடியெல்லாம் உங்கள் ஃபிளாஷைத் திருப்பி அடிக்கும், ஆடுகிறவரின் கண்ணும் கூசும். பெரியவர் யாராவது திட்டினால் அது நியாயம்.

கேள்வி: எங்கள் ஊர் மேடையில் எல்இடி லைட். 1/250-இல் எடுத்தால் ஒரு படம் பளிச்சென்று, அடுத்த படம் மங்கலாக, சிலதில் குறுக்கே பட்டை பட்டையாக வருகிறது. சென்சார் கெட்டுவிட்டதா? புது கேமராவிலும் இப்படித்தான் இருக்குமா?
— வாசகர், ஆரணி

பதில்: சென்சாருக்கு ஒன்றும் ஆகவில்லை. நம் கரன்ட் 50 ஹெர்ட்ஸ், அதனால் மலிவான எல்இடியும் பழைய டியூப் லைட்டும் விநாடிக்கு 100 தடவை ஏறி இறங்கும். 1/100-இலோ 1/50-இலோ எடுத்தால் முழு ஏற்ற இறக்கமும் ஒவ்வொரு படத்திலும் சமமாக அடங்கிவிடும், பிரச்சினை இல்லை. 1/250-இல் சில சமயம் ஏற்றம் மாட்டும், சில சமயம் இறக்கம். வேகம் வேண்டும் என்றால் நாலைந்து படமாகச் சேர்த்துச் சுட்டு, நல்லதை வைத்துக்கொள்ளுங்கள். சில கேமராக்களில் ஆன்டி ஃபிளிக்கர் என்று ஒரு செட்டிங் இருக்கும், வெளிச்சம் உச்சத்தில் இருக்கும்போது மட்டும் ஷட்டரைத் திறக்கும், உங்களுடையதில் இருந்தால் ஆன் பண்ணுங்கள். சைலன்ட் ஷட்டரை மட்டும் அணைத்துவிடுங்கள், அதில் சென்சார் வரி வரியாகப் படிப்பதால் பட்டை இன்னும் மோசமாக வரும். நீல ஃபோகஸ் லைட், சிவப்பு ஃபோகஸ் லைட் முகத்தில் நேராக விழும்போது ஒரே நிறம் அப்பிக்கொண்டு மூக்கும் கன்னமும் தெரியாமல் போகும், அப்போது ஒரு ஸ்டாப் குறைத்து எடுங்கள். புது கேமரா வாங்கினாலும் அந்த நீலம் அப்படித்தான் இருக்கும், லைட் போடுகிற அண்ணனிடம் பேசினால் பலன் அதிகம்.

கேள்வி: ராத்திரி கேமராத் திரையில் பார்க்கும்போது படம் நல்ல வெளிச்சமாக இருக்கிறது. வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் போட்டால் எல்லாம் இருட்டு. தூக்கினால் நாய்ஸ். ஏன்?
— வாசகி, மதுரை

பதில்: இருட்டில் கண் விரிந்திருக்கும், திரை எவ்வளவு மங்கலாக இருந்தாலும் பளிச்சென்றுதான் தோன்றும். அதை நம்பி ஒரு ஸ்டாப் குறைவாக எடுத்துவிடுகிறீர்கள், அப்புறம் அதே ஒரு ஸ்டாப்பை வீட்டில் தூக்குகிறீர்கள். திரையின் பிரைட்னஸை ஆட்டோவில் இருந்து எடுத்து, இரண்டு படி குறைத்து வையுங்கள். படத்தைப் பார்க்கும்போது ஹிஸ்டோகிராமையும் (இடது ஓரம் இருட்டு, வலது ஓரம் வெளிச்சம் என்று காட்டும், மலை மாதிரியான வரைபடம்) சேர்த்து வரவழைத்துக்கொள்ளுங்கள், மலை முழுக்க இடது ஓரத்தில் போய் ஒட்டிக்கொண்டிருந்தால் ஷட்டரை மெதுவாக்க முடியுமா என்று பாருங்கள், முடியாவிட்டால் ஐஎஸ்ஓவை ஏற்றுங்கள். 6400 என்ற எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். 1600-இல் இருட்டாக எடுத்து இரண்டு ஸ்டாப் தூக்கிய படத்தைவிட, 6400-இல் சரியாக எடுத்த படம் எந்த கேமராவிலும் மோசமாக இருக்காது, பழைய கேனன்களில் நிச்சயம் நன்றாகவே இருக்கும்.